ஐயாவுக்குப் படித்துச் சொன்னவள்

டீயைக் குடியுங்கள், கண்ணுகளா. ஆறவிட்டால் மேலே ஆடை கட்டிவிடும். சிரம்பானிலிருந்து இந்தச் சுவா ஊர்வரைக்கும் இந்த வெயிலில் மோட்டாரில் வந்திருக்கிறீர்கள்; முதலில் கொஞ்சம் மூச்சு வாங்குங்கள். எனக்கு எழுபத்தெட்டு முடியப் போகிறது. நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

வக்கீல் கணேசமூர்த்தி ஐயாவுக்கு நினைவு மலர் போடுகிறோம் என்றீர்கள். நல்ல காரியம். அவர் ஆபீசில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் சரிதான். நாலரை வருஷம் அவருக்கு வந்த தமிழ்க் கடிதங்களையெல்லாம் படித்துச் சொன்னவள் இந்தப் பஞ்சாலை. நான் சொல்வதை மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். நடுவில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். இத்தனை வருஷமாக இதைக் கேட்க ஒருவரும் வரவில்லை.

அவர் நல்லவர். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். அப்பா ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவர். பிள்ளையை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டு, கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பி, வக்கீலாக்கினார். ஜப்பான் சண்டைக்கு முன்னாலேயே சிரம்பானில் ஐயாவுக்குப் பெயர் வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டு, மடித்த கைக்குட்டை. புல் வெட்டுகிற பெண்பிள்ளை வந்தாலும் நாற்காலி காட்டி உட்காரச் சொல்வார். தோட்டத்தில் நாங்கள் நாற்காலியைத் துடைத்திருக்கிறோமே தவிர உட்கார்ந்ததில்லை. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டு, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காகக் கேட்டை அரைமணி முன்னால் திறக்கவைத்தவர் அவர்தான். தீபாவளிக்குத் தீபாவளி ஆபீஸ் ஆட்கள் எல்லோருக்கும் தன் கையால் ஆரஞ்சுப் பழம் கொடுப்பார். எனக்கு இரண்டு.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

நான் கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் போனதில்லை. பத்து வயதில் புல் வெட்டுகிற கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். தினமும் விடியும்போது பெரட்டில் போய் நிற்க வேண்டும். கங்காணி மேசை போட்டு உட்கார்ந்து, பெயர்ப் புத்தகத்தில் விரலை வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். நான் குள்ளம், அதனால் முன்வரிசை. மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன். 'மயிலம்மா' என்னும்போது விரல் எங்கே இருக்கிறது, 'மாரியம்மா' என்னும்போது எங்கே இருக்கிறது, இரண்டிலும் முதலிலும் கடைசியிலும் ஒரே மாதிரி என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். இரண்டு வருஷத்தில் எழுத்தெல்லாம் பிடிபட்டுவிட்டது. ஆனால் எல்லாம் தலைகீழாக. முதல்முதல் ஒரு பேப்பரை நேராகப் பிடித்துப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. இன்றைக்கும் நேராக வைத்தால் எனக்கு வேகம் வராது.

என் வீட்டுக்காரர் பெயர் நல்லசாமி. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் பக்கத்தில் இருப்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. முள்வேலி போட்ட அன்று வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இனிமே ஆடும் ஓடாது, மாடும் ஓடாது, பொண்டாட்டியும் ஓடமாட்டா. தொரைக்கு நன்றி சொல்லணும்லா" என்றார். எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன் என்று நான் கூப்பிட்டால், "உங்கிட்ட படிச்சா நான் தலகீழா நின்னுல்ல பேப்பர் படிக்கணும்? வேணாம் தாயி" என்பார்.

உங்களுக்கு அந்தக் காலம் தெரியாது. ஐம்பத்தொன்றில் சாப்பாட்டுக் கட்டுப்பாடு வந்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை கொண்டுபோகக் கூடாது என்றார்கள். வெறும் வயிற்றோடு மரம் வெட்டப் போய், திரும்பி வந்துதான் சாப்பாடு. கேட்டில் போலீஸ் வரிசையாக நிற்கவைத்துத் தடவிப் பார்க்கும். பால்வாளிக்குள் குச்சியை விட்டுக் குத்தும்.

அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் மரங்களுக்கு நடுவில் துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்து நல்லசாமியை நிறுத்தினார்கள். நாளைக்கு அரிசி வரவேண்டும். வராவிட்டால் உன் பெண்டாட்டியை இதே மரத்தில் கட்டிவிட்டுப் போவோம் என்றார்கள். அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். அன்று சிரிக்கும்படியாக ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மூன்று சுண்டு அரிசியைப் பழந்துணியில் முடிந்து வாளியின் அடியில் வைத்துக்கொண்டு போனார். கேட்டில் அவருக்கு முன்னால் இரண்டே பேர்தான் நின்றார்கள். குச்சி துணியில் பட்டுவிட்டது.

ஸ்டேஷனில் அவர் வாயால் சொன்னதைத் தமிழில் எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். என்ன எழுதினார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

தோட்டமே கணேசமூர்த்தி ஐயாவிடம் போ என்றது. போனேன். நாற்காலி காட்டினார். நடந்ததைக் கேட்டு இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். "உயிருக்குப் பயந்து செஞ்சது வேற, மனசாரச் செஞ்சது வேறம்மா. அதை நான் கோர்ட்டுல பேசிக்கிறேன்" என்றார். இரண்டாம் முறை போனபோது போலீஸ் கொடுத்த வாக்குமூல நகல் வந்திருந்தது. இரண்டு தாள். முதல் தாள் மேலிருந்து கீழ்வரை நெருக்கமாக எழுதியிருந்தது. இரண்டாம் தாளில் மூன்றே வரி, அதற்குக் கீழே என் வீட்டுக்காரருடைய பெருவிரல். ஐயா மேசையில் வைத்து முதல் தாளைப் பார்த்தார். திருப்பினார். இரண்டாம் தாளைப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே நேரம்தான் எடுத்துக்கொண்டார். பெரிய படிப்புப் படித்தவர்கள் இப்படித்தான் படிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பாத்தாச்சு. கவலைப்படாதம்மா" என்றார்.

"சரிங்க ஐயா" என்று எழுந்து வந்தேன்.

ஐம்பத்திரண்டு மார்ச்சில் வழக்கு வந்தது. வாக்குமூலத்தைச் சேர்த்துக்கொள்ள ஆட்சேபணை உண்டா என்று ஜட்ஜ் கேட்டபோது ஐயா எழுந்து, இல்லை, நான் பார்த்துவிட்டேன் என்றார். அப்புறம் மொழிபெயர்க்கிறவர் அதைத் தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரியாக வாசித்தார். 'அரிசி யாருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். இதற்கு முன் மூன்று முறை கொடுத்திருக்கிறேன். யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை.' நான் ஐயாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனா நின்றுவிட்டது. காதுமடல் சிவந்தது. மேசையில் இருந்த தமிழ்த் தாளை எடுத்தார், பார்த்தார், வைத்துவிட்டார். முதல்முறையாகக் கேட்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

தமிழருக்குப் பேச வந்த பெரிய வக்கீலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மேடைப் பேச்சையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துத்தான் பேசுவார். அது வெளியே தெரிந்தால் வெட்கம். அந்த வெட்கத்துக்காக, ஒரு தாளை யாரிடமாவது கொடுத்து இதில் என்ன இருக்கிறது என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நல்லசாமிக்குப் பத்து வருஷம் போட்டார்கள். ஐம்பத்துநாலில், ஐப்பசி மழைக்காலத்தில், இருமி இருமி ஜெயிலிலேயே போய்ச் சேர்ந்தார். முப்பத்தாறு வயது.

நான் அழுதேனா என்று கேட்பீர்கள். அழுதேன். அழுது முடித்ததும் யோசித்தேன்.

மறுவருஷம் பிறந்ததும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கண்ணுகளா, நான் அதற்குத் தயாராகப் போகவில்லை. திட்டுவார், வெட்கப்படுவார், தலையைக் குனிவார் என்று என்னென்னவோ எதிர்பார்த்திருந்தேன். அவர் வழக்கம்போல நாற்காலி காட்டினார்.

"வீட்டுக்காரர் என்னம்மா பண்றாரு?"

"இல்லைங்க ஐயா. தவறிட்டாரு."

"அடடா. எப்போ?"

"போன ஐப்பசி."

பாவம் என்று தலையை ஆட்டினார். மூலையில் ஒரு ரொட்டி டின் நிறையத் தமிழ்க் கடிதங்கள் பிரிக்காமல் கிடந்தன. நான் அதைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். "ஐயாவுக்கு ஆயிரம் வேலை இருக்கும். இதையெல்லாம் படிச்சுச் சொல்ல, பதில் எழுத ஒரு ஆள் இருந்தா சௌரியமா இருக்கும்ல" என்றேன். படிக்கத் தெரியாதா என்று கேட்கவில்லை. நேரமில்லையா என்பதுபோலக் கேட்டேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் எனக்கு இரக்கமாக இருக்கிறது. மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

முதல் கடிதத்தை என் முன்னால் நேராக வைத்தார். நான் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் படித்தேன்.

"என்னம்மா இது, வௌவால் மாதிரி?"

பெரட்டுக் கதையைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு நான் வௌவால். "வௌவால் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆபீசுக்குள் வருவார்.

ஜூலையில் எலெக்ஷன். ஓட்டுரிமை வைத்திருந்த தமிழர் அப்போது கொஞ்சம் பேர்தான். ஆனாலும் ஐயா ஜெயித்துக் கோலாலம்பூர் சட்டசபைக்குப் போனார். தோட்டங்களில் வாழைமரம் கட்டினார்கள். அதற்குப் பிறகு கடிதம் வந்து குவிந்தது. நான் படிப்பேன். அவர் பதில் சொல்வார், வாய்த் தமிழ் நன்றாகவே பேசுவார். நான் எழுதுவேன். அடியில் இங்கிலீஷில் பெரிதாகக் கையெழுத்துப் போடுவார். நூற்றுக்கணக்கான கடிதங்களை எழுத்துப் பிசகாமல் படித்துச் சொன்னேன். செய்கிற வேலையில் நாணயம் வேண்டுமல்லவா?

நாற்பத்தொரு கடிதங்களை மட்டும் மாற்றிப் படித்தேன்.

எந்த நாற்பத்தொன்று என்று கேட்கிறீர்களா? கெடு இருந்த கடிதங்கள். இத்தனை நாளுக்குள் ஐயா ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்தோம் என்று எழுதியிருந்தவை. அப்படி ஒன்று வந்தால், வேறு ஏதாவது படித்துவிடுவேன். நன்றிக் கடிதம், கோயில் அழைப்பு, பிள்ளைக்குப் பெயர் வைத்த சேதி. அவர் மனம் குளிர்ந்து பதில் சொல்வார். அதையும் அப்படியே எழுதி அனுப்புவேன். என் மனதில் ஒரே எண்ணம்தான். நல்லசாமிக்கு அவர் என்ன செய்தாரோ அதையே அவர் திரும்பத் திரும்பச் செய்யட்டும். படிக்காமலே பார்த்தாச்சு என்று சொல்லட்டும். ஒருநாள் ஜனங்கள் எல்லாம் சேர்ந்து அவரைப் பார்ப்பார்கள்.

இரண்டு மட்டும் சொல்கிறேன்.

கோலா சாவாவில் எங்கள் தோட்டத்திலேயே தாயம்மா அக்கா. அவள் புருஷன் அர்ச்சுனனை யாரோ காட்டிக்கொடுத்ததில் விசாரணை இல்லாமல் பிடித்து வைத்திருந்தார்கள். இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போகிறோம், பதினாலு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று தாள் வந்தது. அர்ச்சுனன் இந்த மண்ணில் பிறந்தவன். இந்தியா கிழக்கா மேற்கா என்று தெரியாது. அக்கா யாரையோ பிடித்து எழுதியிருந்தாள்: 'ஐயா நீங்கள் போய் ஒரு வார்த்தை சொன்னால் விடுவார்கள். கைக்குழந்தையோடு கும்பிட்டுக் கேட்கிறேன்.' நான் ஐயாவிடம், எலெக்ஷனில் ஜெயித்ததற்கு வாழ்த்துச் சொல்லி தாயம்மா என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார் என்றேன். 'உங்கள் கடிதம் கண்டு மிக்க மகிழ்ச்சி அடைந்தேன். தாங்களும் தங்கள் கணவரும் குழந்தையும் பல்லாண்டு வாழ்க' என்று பதில் போயிற்று. அக்கா ஒருமுறை ஆபீசுக்கே வந்துவிட்டாள். ஐயா கோலாலம்பூரில் இருந்தார். முன்னறையில் நான்தான். "அதான் பதில் போட்டுட்டாருல்லக்கா" என்றேன். பதினாறாம் நாள் கப்பல் போய்விட்டது.

இன்னொன்று வீரமுத்து எழுதியது. அவன் பெண்டாட்டி செல்லம்மாவுக்கு ஏழாம் மாதம். வெறும் வயிற்றோடு மரம் வெட்டுகிறாள், இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். பத்து மணிக்கு லயத்துக்கு வந்து சாப்பிட்டுப் போக விட வேண்டும். ஐயா ஒரு வரி எழுதினால் விடுகிறேன் என்று துரை சொல்லிவிட்டார், இந்த மாதத்துக்குள் எழுதிவிடுங்கள் என்று கேட்டிருந்தான். நான் அதைத் தீமிதி அழைப்பாகப் படித்தேன். 'விழா சீரும் சிறப்புமாக நடைபெற வாழ்த்துகிறேன்' என்றார் ஐயா. நாலாம் வாரம் செல்லம்மா மரத்தடியில் விழுந்தாள். தாயும் இல்லை, வயிற்றில் இருந்ததும் இல்லை. நான் சாவுக்குப் போயிருந்தேன். ஐயா பெயரில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போனேன். வீரமுத்து அந்த மாலையை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றான். சரி, விதை விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஏன் கண்ணு, டீ வேண்டாமா? வைத்துவிடுங்கள், பரவாயில்லை.

ஐம்பத்தொன்பதில் நாடாளுமன்ற எலெக்ஷன் வந்தது. இந்த முறை எங்கள் ஜனங்களில் நிறையப் பேருக்கு ஓட்டு வந்திருந்தது. ஐயா ஒவ்வொரு தோட்டமாகப் போய்ப் பேசினார். எங்கள் தோட்டத்துக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முந்தி சிரம்பான் பாசாரில் தாயம்மா அக்காவைப் பார்த்தேன். மீன்கடை முன்னால் நின்று ஐயாவை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட திட்டி என்னக்கா ஆகப்போவுது? கூட்டத்துக்கு வராரு. அவரு போட்ட கடுதாசிய அவரு கையிலயே குடுங்க. படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றேன்.

"படிப்பாராடி?"

"அவரு எழுதினதுதானே."

கூட்டம் சாயங்காலம், பெரட்டுக் களத்தில். சின்ன வயதில் நான் நின்ற அதே இடம். லாரியின் பின்பலகையை இறக்கி மேடையாக்கியிருந்தார்கள். ஐயா பேசி முடித்தார், கை தட்டினார்கள். தாயம்மா அக்கா பிள்ளையைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்தாள்.

"ஐயா, இது நீங்க எனக்குப் போட்ட கடுதாசி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க."

ஐயா சிரித்துக்கொண்டே வாங்கினார். என் பக்கம் நீட்டினார்.

"அவ எதுக்கு? நீங்க படிங்க."

"கண்ணாடி கொண்டு வரலைம்மா."

முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தாங்க ஐயா, என்னுத போட்டுக்குங்க. ஆஸ்பத்திரிக் கண்ணாடிதான், ஆனா எறும்பு கூடத் தெரியும்லா."

சிரித்தார்கள். ஐயாவும் அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். ஒரு காதில் கம்பிக்குப் பதிலாக நூல் கட்டியிருந்தது. தாளைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அதே நேரம் எடுத்துக்கொண்டார். அப்புறம் தாளைத் திருப்பினார். பின்பக்கம் ஒன்றுமே இல்லை. அதையும் அதே நேரம் பார்த்தார்.

"பின்னால என்னய்யா எழுதியிருக்கு? எங்களுக்கும் சொல்லுங்க" என்று ஒருவன் கத்தினான்.

"வெத்துத் தாள நல்லாப் படிக்கிறாருடா."

யாரோ சீட்டியடித்தார்கள். வீரமுத்து எழுந்து நின்றான். அவன் கையிலும் ஒரு தாள். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், கையில் தாளோடு.

அப்போதுதான் நான் எழுந்து ஐயா கையிலிருந்து கடிதத்தை வாங்கினேன். ஒலிபெருக்கியில் படித்தேன். 'உங்கள் கடிதம் கண்டு மிக்க மகிழ்ச்சி அடைந்தேன்.' முடித்துவிட்டு, பைக்குள்ளிருந்து தாயம்மா அக்கா ஐயாவுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து அதையும் படித்தேன். 'கைக்குழந்தையோடு கும்பிட்டுக் கேட்கிறேன்.' ஒரு வரி கூட மாற்றவில்லை. கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே கேலி செய்திருக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். தோன்றியது.

ஐயா என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணுகளா, ஒரே ஒரு வாக்கியத்தில் அவர் தப்பித்திருக்கலாம். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, இவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். அவ்வளவுதான். ஒலிபெருக்கி ஒரு எட்டில் இருந்தது. அவர் சொல்லவில்லை. சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். வாய் வராது. நல்லசாமிக்காக வராத வாய் தனக்காக மட்டும் எப்படி வரும்?

முதலில் கல் எறியவில்லை. செருப்புத்தான். அப்புறம் கல்.

காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். நெற்றியில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தார். ரந்தாவ் ஊரைத் தாண்டியதும் கேட்டார்.

"ஏன், பஞ்சாலை?"

அன்றைக்கு வௌவால் என்று கூப்பிடவில்லை.

"நல்லசாமி" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "யாரு?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் அடுத்த முச்சந்தியில் இறங்கிக்கொண்டேன்.

எலெக்ஷனில் தோற்றார். வைப்புத்தொகைகூடத் திரும்பவில்லை என்று பேசிக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்கள் யாரும் அவர் ஆபீஸ் படியை மிதிக்கவில்லை. அடுத்த வருஷம் அவசரகாலம் முடிந்தது, முள்வேலியைச் சுருட்டி எடுத்தார்கள். அவரும் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு மனம் அமைதியாக இருந்தது. நல்லசாமி படத்துக்குப் பூ வைத்தேன். உங்கள் மலருக்கு வேண்டியது இதோடு முடிகிறது.

ஆனால் இன்னும் ஒரு கடிதம் இருக்கிறது. நாற்பத்திரண்டாவது.

அறுபத்தொன்றில் தபாலில் வந்தது. கோடு போட்ட பள்ளிக்கூடத் தாள். முதல் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பென்சிலில். ஐயா எழுதியது. ஐம்பத்தைந்து வயதில், தங்கை பேத்தியின் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றிருக்கிறார். கடிதத்தில் திட்டு இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வக்கீல் கடிதம் அது.

'நல்லசாமி வழக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் படிக்கவில்லை. அது என் குற்றம். அந்தத் தாள் மேசையில் இருந்தபோது நீ எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாய். நீ தலைகீழாகப் படிப்பாய். நீ படித்தாயா? உடம்பு சரியில்லை. சீக்கிரம் பதில் போடு.'

அவர் நல்ல வக்கீல் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தக் கடிதத்துக்கும் ஒரு கெடு இருந்திருக்கிறது, பன்னிரண்டு நாள். பன்னிரண்டாம் நாள் காலமாகிவிட்டார். நான் பதில் போடவில்லை.

இப்போது போடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். படித்தேன். அவர் முதல் தாளைத் திருப்புவதற்குள் நான் அந்தத் தாளை முழுதும் படித்து முடித்திருந்தேன். 'மூன்று முறை கொடுத்திருக்கிறேன்.' படித்தேன். 'யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை.' அதையும் படித்தேன். ஐயா, இதில் எழுதியிருப்பது பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பாத்தாச்சு என்றார். வக்கீல் பார்த்தாச்சு என்ற பிறகு, புல் வெட்டுகிறவள் சொல்ல என்ன இருக்கிறது? அவர் ஏதோ கணக்காகத்தான் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்காரவைத்தவரிடம் எதிர்த்துப் பேசுவதா என்றும் நினைத்தேன். சரிங்க ஐயா என்றேன்.

யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். தாயம்மா அக்காவும் வீரமுத்துவும் ஐயா படித்துவிட்டார் என்றுதானே நம்பினார்கள்? அவர்கள் மேல் யாராவது குற்றம் சொல்வார்களா? எனக்கும் அவர்கள் மேல் ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. நாற்பத்தொரு கடிதங்களும் அந்த டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, ஒன்றுகூடத் தொலையவில்லை. செய்ததெல்லாம் அவர். அதை மட்டும் பிழையில்லாமல் எழுதிவிடுங்கள், கண்ணுகளா.

எழுதியாயிற்றா? எங்கே, தாளைத் திருப்ப வேண்டாம். அப்படியே வையுங்கள். நான் இங்கிருந்தே படித்துக்கொள்கிறேன்.